மூன்று சிவப்புக் குறிகளும் ஒரு பஞ்சு அருவியும்

ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் டைம் ஆபீஸ் கிளார்க்காக இருந்தேன். ஷிப்ட்டுக்கு யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள் என்று எழுதுவது என் வேலை. சங்கு ஊதி ஐந்து நிமிடம் வரை வந்தவர்களுக்குக் கறுப்பு மை, அதற்குப் பிறகு வந்தவர்களுக்குச் சிவப்பு மை. வீட்டிலும் இதே பழக்கம்தான். மழை பெய்த நாள், அய்யனார் கோவில் ஆற்றில் தண்ணீர் வந்த நாள், நூலகத்தில் எடுத்த புத்தகம், அதைத் திருப்பிக் கொடுத்த நாள் எல்லாம் என் நாட்குறிப்பில் இருக்கும். இதை எழுதுவதற்காக 1986, 1997 ஆகிய இரண்டு ஆண்டுகளின் நாட்குறிப்புகளை எடுத்து வைத்துக்கொண்டேன். 1986-இன் அட்டையைக் கரையான் தின்றுவிட்டது. உள்ளே எழுத்து நன்றாகவே இருக்கிறது.

ஆண்டுதோறும் ஆயுத பூஜையன்று பிற்பகல் மில் குடோனில் நாங்கள் ஒரு நாடகம் போடுவோம். தொழிலாளிகளும் அவர்கள் வீட்டாரும்தான் பார்வையாளர்கள். ஸ்பின்னிங் மேஸ்திரி எழுதி இயக்குவார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். கோபம் வந்தால் உதட்டுக்குள்ளேயே தெலுங்கில் எண்ணுவார். ஒகட்டி, ரெண்டு, மூடு. மூன்றுக்கு மேல் போனால் யாராவது அழுதுகொண்டு வெளியே போவார்கள். நான் பிராம்ட்டர். பக்கத் திரைக்குப் பின்னால் நின்று, நடிகர்களுக்கு வசனத்தைத் தணிந்த குரலில் எடுத்துக் கொடுப்பவன். கதாநாயகியாக நடிக்க மதுரைப் பக்கமிருந்து ஒரு நடிகை அன்றைக்குக் காலை பஸ்ஸில் வந்து இறங்குவார். கதையை ஒருமுறை கேட்டுக்கொள்வார், அவ்வளவுதான். மீதி எல்லாம் பிராம்ட்டர் வாயைப் பார்த்துத்தான். நான் என்ன சொல்கிறேனோ அதை அவர் சொல்வார். இதை இங்கேயே சொல்லிவைக்கிறேன்.

எங்கள் குழுவில் ஒரு ஃபிட்டர் இருந்தார். என்னைவிட நான்கு வயது இளையவர். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். ஓடிக்கொண்டிருக்கும் மெஷின் திடீரென்று நின்றுவிட்டால் மில்லில் அவரைவிடக் கெட்டிக்காரர் கிடையாது. சத்தத்தைக் கேட்டே எந்தப் பல்சக்கரம் என்று சொல்வார். சரி செய்து முடிக்கும்வரை டீ குடிக்கக்கூட எழுந்திருக்க மாட்டார். ஆனால் வாராவாரம் எண்ணெய் போட வேண்டிய சார்ட் ஒன்று உண்டு. அதில் அவர் பெயருக்கு நேரே பாதிக் கட்டங்கள் காலியாக இருக்கும். நான்கு வருடத்தில் மூன்று செக்‌ஷன் மாற்றிவிட்டார்கள்.

ஒத்திகையிலும் அப்படித்தான். கேன்டீன் பெஞ்சில் எல்லோரும் உட்கார்ந்திருக்க அவர் மட்டும் நடந்துகொண்டிருப்பார். அடுத்தவர் பேசி முடிப்பதற்குள் பேசிவிடுவார். வசனத் தாளை 1986-இல் மட்டும் நான்கு முறை தொலைத்தார். ஐந்தாவது முறையும் நான்தான் எழுதிக் கொடுத்தேன்.

“ஏலே, பின்னால மோட்டார் ஏதும் மாட்டிருக்கியா? செத்த நேரம் உக்காரு” என்றார் மேஸ்திரி.

“உக்காந்தா காது அடைச்சிருது மேஸ்திரி. நடந்தாத்தான் நீங்க சொல்றது கேக்குது.”

“அப்போ வீட்டுக்கு நடந்து போ. இன்னும் நல்லாக் கேக்கும்.”

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். முதலில் அவருக்குக் கதாநாயகனின் அண்ணன் வேடம் கொடுத்திருந்தார்கள். மூன்றாவது வாரத்தில் அதைப் பிடுங்கி, மூன்றே வரி வசனம் உள்ள தபால்காரர் வேடத்தைக் கொடுத்தார்கள். அதற்கும் சிரித்தார்.

அந்த ஆண்டு மேஸ்திரி ஒரு சட்டம் போட்டிருந்தார். ஒத்திகைக்கு மூன்று முறை தாமதமாக வருகிறவருக்குக் குழுவில் இடமில்லை. அந்த ஆண்டுக்கு மட்டுமல்ல, நிரந்தரமாக. கணக்கு வைப்பது வேறு யார்? டைம் ஆபீஸ்தான். தாமதமாக வந்தவருக்கு ஒரு மஞ்சள் சீட்டு எழுதிக் கொடுப்பேன். அவர் கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தர வேண்டும். ஆவணி முடிவதற்குள் ஃபிட்டருக்கு இரண்டு சீட்டு ஆகிவிட்டது.

இரண்டாவது சீட்டை வாங்கியபோது கேன்டீன் வாசலில் நின்று என்னிடம் ஒன்று சொன்னார். அன்றைய நாட்குறிப்பில் அதை அப்படியே எழுதியிருக்கிறேன்: “வீட்டுலயும் சரி, மில்லுலயும் சரி, எல்லாரும் என்னைத் திருத்தத்தான் பாக்காவ அண்ணாச்சி. இங்க ஒரு எடத்துலதான் நான் ஒண்ணு சொன்னா, ‘பொறவு?’ன்னு கேக்காவ. இதையும் விட்டுட்டுப் போகச் சொல்லிராதீக.”

நான் சீட்டில் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினேன். நேரத்துக்கு வாருங்கள் என்பதைத் தவிர வேறு என்ன சொல்வது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

‘பொறவு?’, அதாவது பிறகு என்ன, என்று நாங்கள் கேட்டதற்குக் காரணம் உண்டு. நாடகத்தின் நான்காம் காட்சி ஓர் அருவிக்கரையில் நடக்கிறது. பட்டாளத்துக்குப் போய்க் காணாமல் போன கணவன் திரும்பி வந்து மனைவியைப் பார்க்கும் இடம். அருவி வரைந்த படுதா ஒன்றை வாடகைக்கு எடுத்துவந்து மாட்டிப் பார்த்தோம். அருவி வெள்ளை வேட்டி காயப்போட்டது போல இருந்தது. மேஸ்திரி பார்த்துவிட்டு ரெண்டு வரை எண்ணினார். ஃபிட்டர் படுதாவைப் பார்க்கவே இல்லை. ஜன்னல் வழியாக எதிரே, பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அருவி அங்க விழுதே” என்றார்.

கார்டிங் மெஷினிலிருந்து பஞ்சு கயிறு போலத் திரண்டு, உயரமான டப்பாக்களுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். அந்தப் பஞ்சுத் திரியை ஸ்லைவர் என்போம். முறுக்கேறாதது, தொட்டால் மேகம் மாதிரி இருக்கும். இருபது ஆண்டுகளாக நாங்கள் எல்லோரும் தினமும் பார்த்தது.

“மேல சாரம் கட்டி முப்பது டப்பா வைப்போம். திரியை ஒரு கம்பு மேல போட்டுக் கீழ விடுவோம். கீழ ரெண்டு பேரு ஒளிஞ்சு உக்காந்து இழுத்துக்கிட்டே இருக்கணும். நிக்காம விழும் மேஸ்திரி. வரைஞ்சது இல்ல, விழுறது.”

“திரி அத்துப் போச்சுன்னா?”

“அருவியில தண்ணி ஒண்ணு போல விழுதா? அங்கங்க அத்துத்தான விழுது.”

மேஸ்திரி ஜன்னலருகே போய்ப் பார்த்தார். பிறகு, “பொறவு?” என்றார்.

பிறகு நடந்ததில் எல்லோருக்கும் பங்கு இருந்தது. கழிவுத் திரியைக் கேட்டு வாங்கியது மேஸ்திரி. எத்தனை டப்பா, யார் இழுப்பது, காட்சி முடிந்ததும் பஞ்சை எப்படித் திருப்பி ஒப்படைப்பது என்று பட்டியல் போட்டது நான். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சாப்பாட்டுக்கும் இறங்காமல் சாரத்தின் மேலேயே இருந்து அதைக் கட்டி முடித்தது ஃபிட்டர். எண்ணெய்ச் சார்ட்டில் ஒரு கட்டத்தை நிரப்ப முடியாதவரா இவர் என்று கீழிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் கட்டி முடித்தபோது சுத்தியலையும் கம்பிச் சுருளையும் சாரத்தின் மேலேயே விட்டுவிட்டு இறங்கிவந்தார். மறுநாள் அவற்றைத் தேடி நான்தான் ஏறினேன்.

ஆயுத பூஜையன்று காலை ஒன்பது மணிக்குக் கடைசி ஒத்திகை. நடிகை எட்டரைக்கே வந்துவிட்டார். நாற்பது வயதிருக்கும், வெற்றிலை போட்ட வாய், கூர்மையான கண். ஃபிட்டர் வரவில்லை. ஒன்பதரை, பத்து. பத்தே காலுக்கு ஒரு முறத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு, கையில் ஒரு பையுடன் ஓடிவந்தார்.

“ஸ்ரீவில்லிபுத்தூர்ல பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல மளிகைக் கடை பாய் உளுந்து புடைச்சுக்கிட்டு இருந்தாரு அண்ணாச்சி. கண்ணை மூடிக் கேட்டேன். அருவி! முறத்தைச் சாய்ச்சா தூரத்துல விழுது, நிமித்துனா பக்கத்துல விழுது. அவருகிட்டயே கத்துக்கிட்டு, முறத்தையும் உளுந்தையும் இரவல் வாங்கிட்டு வாரேன். இந்தாங்க, கேளுங்க.”

கேட்டோம். அருவிதான். எங்கள் அருவிக்குச் சத்தம் இல்லை என்பது அதுவரை எங்களில் யாருக்கும் தோன்றவே இல்லை.

ஆனாலும் அது மூன்றாவது தாமதம். நான் மஞ்சள் சீட்டை எழுதினேன். என் கை அதைத்தான் செய்யும். மேஸ்திரி, “இன்னைக்கு நாடகம் நடக்கட்டும். நாளைக்குப் பேசுவோம்” என்றார். ஃபிட்டர் சீட்டை வாங்கிப் பார்த்தார். “சரி அண்ணாச்சி” என்று மட்டும் சொல்லிச் சட்டைப் பைக்குள் மடித்து வைத்தார். அன்று அவர் சிரிக்கவில்லை.

இனி என் தவறு. முந்தைய நாள் இரண்டு தாள்களைத் திருத்தி எழுதியிருந்தேன். இரண்டாம் காட்சியின் முதல் பக்கம் ஒன்று, நான்காம் காட்சியின் முதல் பக்கம் ஒன்று. எந்தத் தாளிலும் எழுதிய தேதியை மேலே போடுவேன். தேதியை மட்டும் பார்த்தே கோத்துப் பழகிய கை, ஒரே தேதியிட்ட இந்த இரண்டையும் ஒன்றின் இடத்தில் மற்றொன்றாக வைத்து நாடாவில் கட்டிவிட்டது. காட்சி வரிசையைப் பார்க்கவில்லை. தேதி வரிசை சரியாக இருந்தது.

இரண்டாம் காட்சி. மேடையில் மனைவி கணவனின் கடிதத்துக்குக் காத்திருக்கிறாள். தபால்காரர் மணி அடித்துக்கொண்டு வருகிறார். ‘அண்ணே, அவுககிட்ட இருந்து கடுதாசி வந்திருக்கா?’ என்று அவள் கேட்க வேண்டும். நான் பக்கத்தைப் புரட்டினேன். கண்ணில் பட்ட முதல் வரியைச் சொன்னேன். நடிகை கண்களில் நீர் மல்க, தபால்காரரைப் பார்த்து, அதை உரக்கச் சொன்னார்:

“நீங்க... நீங்க உயிரோடதான் இருக்கீங்களா?”

குடோனில் முந்நூறு பேர் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிர்த் திரைக்குப் பின்னால் மேஸ்திரியின் உதடுகள் அசைந்தன. எண்ணிக்கொண்டிருந்தார்.

ஃபிட்டர் மிதிவண்டியை மெதுவாக ஸ்டாண்டு போட்டார்.

“உயிரோடதான் இருக்கேன் தாயி. ரெண்டு நாளா தபால் வரலைன்னதும் என்னையச் செத்துட்டேன்னு பேசிக்கிட்டாவளாக்கும்? அம்புட்டுப் பாசமா ஊருக்கு?”

சிரிப்பு தகரக் கூரையில் போய் மோதியது. நடிகை ஒரு நொடி அவரைப் பார்த்தார். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “செத்தாலும் பரவாயில்ல, கடுதாசியைக் குடுத்துட்டுச் செத்திருக்கணும்ல?” என்றார். மறுபடியும் சிரிப்பு. ஃபிட்டர் பையிலிருந்து உறையை எடுத்துக் கொடுத்தார். நான் சரியான பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். நாடா முடிச்சு இறுகியிருந்தது. அது கணவனைக் காணவில்லை என்று பட்டாளத்திலிருந்து வந்த கடிதம், அதை மனைவிதான் படிக்க வேண்டும். கடிதம் முழுக்க அந்தப் பக்கத்தில் இருக்கிறது. என்னிடமிருந்து குரல் வரவில்லை என்பது நடிகைக்குப் புரிந்துவிட்டது.

“எனக்குக் கண்ணு இருட்டிக்கிட்டு வருதுண்ணே. நீங்களே படிங்க” என்று உறையை ஃபிட்டரிடமே நீட்டினார்.

அவர் உறையைப் பிரித்தார். உள்ளே இருந்தது மஞ்சள் தாள். காலையில் நான் கொடுத்த சீட்டு. நாடகத்துக்கு எழுதி வைத்திருந்த கடிதத்தை எங்கோ தொலைத்துவிட்டு, கையில் இருந்ததை உறைக்குள் திணித்திருக்கிறார். அதைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு கடிதத்தைப் படித்தார். முழுவதும் படித்தார். ஒத்திகையில் மேஸ்திரி அதைப் படித்துக் காட்டியபோதெல்லாம் இவர் கேன்டீனில் டம்ளர்களைத் தட்டிக்கொண்டு நடந்தவர்.

பிறகு நான் தாளோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒரே ஒரு சொல்தான் மாறியிருந்தது. ‘பதினெட்டு நாட்களாகத் தகவல் இல்லை’ என்பது மேஸ்திரி எழுதியது. ஃபிட்டர் ‘பதினெட்டு ராத்திரியாகத் தகவல் இல்லை’ என்று படித்தார். எங்கள் பக்கத்தில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத தெரு குறைவு. பெண்கள் பக்கத்தில் ஒரு சத்தமும் இல்லை.

நான்காம் காட்சியில் அருவி விழுந்தது. நடுவில் நாலைந்து திரிகள் அறுந்து கதாநாயகன் தலையில் விழுந்தன. “ஏலே, பட்டாளத்துல நரைச்சுப் போச்சு” என்று யாரோ கத்தினார்கள். ஆனால் திரை விலகி, பஞ்சு இறங்கத் தொடங்கி, மறைவில் உளுந்து சரிந்தபோது முன்வரிசையில் ஒரு பெண், மடியிலிருந்த குழந்தையின் தலையை முந்தானையால் மூடினார். நனைந்துவிடும் என்று நினைத்தாற்போல. அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

பஸ் ஏறுவதற்கு முன் நடிகை மேஸ்திரியிடம் கேட்டார்: “அந்தத் தபால்காரரு யாரு? எந்த நாடகக் கம்பெனியில இருந்தாரு?”

“மில்லு ஃபிட்டரும்மா. நாளையில இருந்து அவரு கிடையாது.”

“ஏன்?”

“நேரத்துக்கு வரமாட்டேங்காரு.”

நடிகை வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சொன்னார்: “நேரத்துக்கு வந்தவுக எல்லாரும் திரைக்குப் பின்னாலதான நின்னீக?”

மறுநாள் கேன்டீனில் கூடினோம். மேஸ்திரி என் நோட்டைக் கேட்டார். மூன்று சிவப்புக் குறிகள். ஒகட்டி, ரெண்டு, மூடு என்று விரலால் தொட்டு எண்ணினார். கோபமாக எண்ணியதாகத் தெரியவில்லை.

“சட்டம் போட்டது நான். நானே மீறுனா நாளைக்கு ஒருத்தனும் வரமாட்டான்” என்றார்.

ஃபிட்டர் அன்று உட்கார்ந்திருந்தார். அதைப் பார்க்கத்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

நான் எழுந்தேன். தாளை மாற்றிக் கோத்தது நான் என்று சொன்னேன். அதுவரை எல்லோரும் நடிகை தடுமாறினார் என்றே நினைத்திருந்தார்கள். பிறகு நோட்டில் மூன்று தாமதங்களுக்கும் எதிரே நான் எழுதியிருந்த காரணங்களைப் படித்தேன். முதலாவது, வழியில் லாரிக்கு வர்ணம் அடிப்பதைப் பார்த்து நின்றது. எங்கள் நாடகத்தின் வீட்டுக் கதவு அந்த நிறத்தில்தான் இருந்தது. இரண்டாவது, பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்த் திரும்பியது. அதில் ஒரு பயனும் இல்லை, அப்படியே படித்தேன். மூன்றாவது, உளுந்து.

“இவருக்கு நேரம் தெரியாது. எனக்கு நேரம் மட்டுந்தான் தெரியும். ரெண்டு பேருல ஒருத்தரை நீக்கினா இன்னொருத்தரால நாடகம் நடக்காது” என்றேன். நான் கூட்டத்தில் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான்.

“சரி, வழி சொல்லும்” என்றார் மேஸ்திரி.

“ஒத்திகை அஞ்சு மணின்னா இவருக்கு நாலுன்னு சொல்லுவோம். வசனத் தாள் என்கிட்டயே இருக்கட்டும். இவரு நடந்துக்கிடட்டும்.”

ஃபிட்டர் தலையை நிமிர்த்தினார். “எனக்கு முன்னாலயே சொல்லிட்டு ஏமாத்துனா எப்படி அண்ணாச்சி?”

“நீரு மறந்துருவீரு.”

மேஸ்திரிதான் முதலில் சிரித்தார். ஃபிட்டர் சட்டைப் பையிலிருந்து மஞ்சள் சீட்டை எடுத்து நீட்டினார். கையெழுத்துப் போட்டிருக்கவில்லை. கையெழுத்து இல்லாத சீட்டு எங்கள் அலுவலகத்தில் செல்லாது என்று சொல்லி அதை வாங்கி வைத்துக்கொண்டேன். 1986 நாட்குறிப்பில் ஒட்டியிருப்பது அதுதான்.

அவர் மறக்கத்தான் செய்தார். அடுத்த ஆண்டுகளில் ‘நாலு மணி’ ஒத்திகைக்கு நாலே முக்காலுக்கு வேர்த்து விறுவிறுத்து வந்து, “மன்னிச்சிருங்க மேஸ்திரி” என்பார். மேஸ்திரி முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, “இனிமே இப்படி வராத” என்பார்.

1997-இல் ஒரு மாலை ஃபிட்டர் என் வீட்டுக்கு வந்தார். அவருடைய இளைய மகளுக்கு ஒன்பது வயது. வகுப்பில் உட்காருவதில்லை, நோட்டுகளைத் தொலைக்கிறாள் என்று ஸ்ரீவில்லிபுத்தூரில் அவள் படித்த பள்ளியில் புகார். மதுரையில் ஒரு டாக்டரிடம் காட்டியிருக்கிறார்கள். அவர் அதற்கு ஏ.டி.எச்.டி. என்று ஒரு பெயர் சொன்னாராம். கவனத்தை வேண்டிய இடத்தில் நிறுத்துவது கடினமாக இருக்கும், சோம்பேறித்தனமோ திமிரோ அல்ல, பெற்றோரில் ஒருவருக்கும் இருந்திருக்கலாம் என்று விளக்கியிருக்கிறார்.

“நாப்பத்தாறு வயசுல எனக்கும் பேரு வச்சிட்டாவ அண்ணாச்சி” என்றார் ஃபிட்டர். “நான் எப்படி இருந்தேன்னு டாக்டரு கேக்காரு. எனக்கு எங்க ஞாபகம் இருக்கு? உங்ககிட்டத்தான் எல்லாம் எழுதி இருக்குமே.”

இருந்தது. பதினோரு ஆண்டுகள். தொலைத்த தாள்கள், தாமதங்கள் எல்லாம் சிவப்பில். அவற்றுக்குப் பக்கத்திலேயே அருவி, முறம், கதவின் நிறம், ராத்திரி என்ற சொல். அந்த நோய்க்கூறு பற்றி நூலகத்தில் தேடி ஏதோ கொஞ்சம் படித்தேன். அது உள்ளவர்கள் எல்லோரும் கற்பனை வளம் மிக்கவர்கள் என்று எழுதிவிட எனக்குத் துணிவில்லை. அதனால் படும் துன்பத்தையும் கண்ணால் கண்டிருக்கிறேன். எனக்குத் தெரிந்தது ஒரு குழுவில் நடந்தது மட்டும். எங்களுக்குப் பழகிப்போய்க் கண்ணில் படாதது அவருக்குப் பட்டது. எல்லாம் குலைந்த நேரத்தில் எங்கள் மூளை நின்றது, அவருடையது அப்போதுதான் ஓடத் தொடங்கியது. அவர் கொண்டுவந்ததை நாங்கள் வரிசைப்படுத்தினோம்.

டாக்டருக்கு ஒரு படி எடுத்தேன். அப்படியே பள்ளி ஆசிரியைக்கும் ஒரு கடிதம் எழுதினேன். தந்தையைப் பற்றி ஆண்டு மாதத்தோடு இரண்டு பக்கம். கடைசியில் ஒரு வரி: ‘உட்காரச் சொல்லி வற்புறுத்த வேண்டாம், நடந்தால் அவளுக்கு நன்றாகக் கேட்கக்கூடும்.’

இரண்டு வாரம் கழித்து ஆசிரியையிடமிருந்து பதில் வந்தது. அவளைக் கடைசி பெஞ்சுக்கு மாற்றி, பின்னால் நின்றுகொள்ளவும் நடந்துகொள்ளவும் விட்டிருப்பதாக எழுதியிருந்தார். ஆண்டு விழா நாடகத்தில் பொருள்களைக் கவனிக்கும் குழுவில் சேர்த்திருப்பதாகவும், வந்த முதல் நாளே அவள் மேடைக்கு ஒரு மழை வேண்டும் என்று கேட்டதாகவும் எழுதியிருந்தார். அந்தப் பஞ்சு அருவியை எப்படிக் கட்டினீர்கள், அவள் தந்தை ஒருநாள் வந்து காட்ட முடியுமா என்பதுதான் கடிதத்தின் முடிவு.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். நான் ஃபிட்டரிடம் ஒன்பது என்றேன். முறத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஒன்பதே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தார். அன்றைய பக்கத்தில் அதைக் கறுப்பு மையில் எழுதினேன்.